கோரிக்கை மனு: முதியோர் மருத்துவக் காப்பீடு குறித்துத் தெளிவான அறிவிப்பு வேண்டுதல்

அனுப்புநர்: செயலாளர், மூத்த குடிமக்கள் நலச் சங்கம்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: 70 வயது நிறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு – அறிவிப்பும் பதிவு முகாமும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசு எங்களுக்குக் காப்பீடு தரவில்லை என்று குறை சொல்ல இம்மனுவை எழுதவில்லை. எந்தத் திட்டம் யாருக்கு என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு வயது 74. மாதம் 10,500 ரூபாய் வீட்டு வாடகை வருமானத்தில் காலம் தள்ளுகிறார். ஆண்டுக்கு 1,26,000 ரூபாய் ஆகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால், ஆறாயிரம் ரூபாய் அவரை வெளியே நிறுத்திவிட்டது. சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்தபோது வளையல்களை அடகு வைத்துத்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 70 வயது நிறைந்த எவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்றே தொடங்கிவிட்டது. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஒருவரும் அவரிடம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்த அட்டைக்கு எங்கே பதிவது, எந்த மருத்துவமனை ஏற்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. மகனின் குடும்ப அட்டையில் பெயர் இருப்பவர்கள், மகனின் சம்பளத்தைக் காரணம் காட்டித் தங்களைத் தள்ளிவிடுவார்களோ என்று விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். தனியார் காப்பீடு வைத்திருப்போரும் இதில் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் தங்கள் பழைய திட்டம், இது ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அப்படியே. தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இந்த அட்டை செல்லும் என்று நம்பியிருப்பவர்களும் உண்டு. உள்நோயாளி சிகிச்சைக்குத்தான் இது என்பதையும் எழுதி வைத்தால் நல்லது.

ஆகவே, இந்த விவரங்களை ஒரே தாளில், எங்கள் கண்ணுக்குத் தெரியும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, நியாய விலைக் கடைகளிலும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகங்களிலும் ஒட்ட ஆணையிட வேண்டுகிறோம். வட்டந்தோறும் பதிவு முகாம் நடத்த வேண்டும். அங்கு முக அடையாளப் பதிவு வசதி அவசியம்; களை பறித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்பதில்லை. படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே பணியாளரை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம்.

எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்