கடாரத்தோடு நின்றுவிடும் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். தேர்வுக்கு முந்தின இரவு, வரைபடத்தில் பென்சிலால் கடாரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். "அது இப்போ எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். மலேசியாவில் கெடா மாநிலம் என்றாள். சரி, 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்துப் போனதற்கு அப்புறம் அங்கே என்ன நடந்தது? இருவருமாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டினோம். ஒரு வரிகூட இல்லை.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் படையெடுப்புக்கு முன்பே, கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் அரசர் எங்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தை எழுப்பினார். ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தான். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பாருஸ் என்ற துறைமுக ஊரில் தமிழ் வணிகர்களின் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

ஆனால் நம் தடயத்தை மட்டும் தேடிப் போனால் அந்த மண்ணைப் படித்ததாகாது. மலாக்கா எப்படி சுல்தான்களின் பெரும் துறைமுகமாக வளர்ந்தது, ஜாதிக்காய்க்காக இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் டச்சுக்காரர்கள் நடத்திய படுகொலை, 1955-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஏன் கூடின, 1967-இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் ஏன் பிறந்தது என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பட்டப்படிப்பில் தென்கிழக்கு ஆசியாவுக்கென ஒரு முழுத் தாள் வையுங்கள். விரும்புகிறவர்கள் மலாய் மொழியும் படிக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கென ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. பாடத்திட்டத்தை அவர்களிடமே கேட்டு எழுதலாம்.

ஒரு வாசகி,
நாகப்பட்டினம்