ஸ்ரீரங்கத்தில் இறங்கிய அம்மாவுக்கும், அன்று எங்களோடு வந்த எல்லோருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. கைக்கு அடக்கமான வட்ட டப்பா. மூடியில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. அது எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. 2025 மார்ச் 20, வியாழக்கிழமை, ரமலான் 19ஆம் நோன்பன்று மாலை, ஸ்ரீரங்கத்தில் ரயிலை விட்டு இறங்கும் அவசரத்தில் ஒரு அம்மா அதை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பெயரையோ போன் நம்பரையோ கேட்டுக்கொள்ளவில்லை. நேரில் போய்ச் சொல்ல வழியில்லாததால்தான் எல்லோரும் பார்க்கும்படி இந்த மடலை எழுதுகிறேன். அவர்களுக்கு மட்டுமல்ல, அன்று எங்களுக்குத் துணை நின்ற வேறு சிலருக்கும் சேர்த்துத்தான்.

அன்று காலை பத்து மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து போன் வந்தது. பேகம்பூர் வீட்டில் அத்தா (என் அப்பா) வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, மறுநாள் காலை ஆபரேஷன் என்றார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போய் மகனை அழைத்துக்கொண்டு வந்தேன். அவனுக்கு ஒன்பது வயது. அன்று அவனும் நோன்பு. அந்த வருஷம் அவன் வைத்த மூன்றாவது நோன்பு அது. விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு அவனே எழுந்து வந்து உட்கார்ந்து, அரைத் தூக்கத்தில் நோன்பு வைக்கிறேன் என்று நிய்யத் சொன்னவன். எழும்பூரிலிருந்து மதியம் கிளம்பும் பகல் ரயிலில், சார்ட் போட்ட பிறகு தருகிற கரண்ட் டிக்கெட்டில், இரண்டு சீட்டு கிடைத்தது.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அவசர அவசரமாக ஒரு பை கட்டினேன். பேரீச்சம்பழம், நறுக்கிய தர்பூசணி, காலையில் பக்கத்து வீட்டு லாத்தா கொடுத்த சமோசா, இரண்டு பாட்டில் தண்ணீர். ரயில் தாம்பரம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன் என்று.

அந்த ஆட்டோ தம்பிக்கு முதல் நன்றி. கட்டணத்தை போனில் அனுப்பியிருந்ததால் என் நம்பர் அவரிடம் இருந்தது. செங்கல்பட்டு வரும்போது அவரே கூப்பிட்டார். "அக்கா, பையில பேரீச்சம்பழம், பழமெல்லாம் இருக்கு. நோன்புக்கு எடுத்து வச்ச மாதிரி தெரியுது. நான் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தேன், ரயில் போயிடுச்சு. மன்னிச்சுக்கங்க." பையை விட்டவள் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர். யாராவது நோன்பாளிக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பினார். பெரியமேடு பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பைகள் வரிசையாக இருக்க, நடுவில் எங்கள் வீட்டுப் பை. காலி டப்பாக்களை மறுநாள் எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டும் போயிருக்கிறார். தம்பி, அந்தச் சமோசாவை எத்தனை பேர் சாப்பிட்டார்களோ, அந்த நன்மையில் உங்களுக்குப் பங்கு உண்டு.

மார்ச் வெயில். ஜன்னல் வழியாக வந்ததெல்லாம் அனல்காற்று. விழுப்புரம் வருவதற்குள் மகனின் உதடு காய்ந்துவிட்டது. தலை வலிக்கிறது என்றான், பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டான். பிளாட்பாரத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, "குடிச்சிடுடா கண்ணு" என்று நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பயணத்தில் இருப்பவருக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் அந்தக் கணக்கைப் பூர்த்தி செய்துகொள்ளலாம் என்றும், இறைவன் உங்களுக்கு இலகுவை நாடுகிறானே தவிரச் சிரமத்தை நாடவில்லை என்றும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 185ஆம் வசனம் சொல்கிறது. பயணத்தில் நோன்பு வைக்கலாமா என்று ஹம்ஸா இப்னு அம்ர் என்ற தோழர் கேட்டபோது, விரும்பினால் வையுங்கள், விரும்பினால் விட்டுவிடுங்கள் என்றுதான் நபிகள் நாயகம் (ஸல்) சொன்னார்கள். ஆனால் நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹப் என்ற சட்டமுறையில், சஹர் செய்து ஊரிலேயே நோன்பைத் தொடங்கிவிட்டுப் பிறகு கிளம்புகிறவர் அன்றைய நோன்பை முடிக்கத்தான் வேண்டும். எனக்கு அது சரி. பிள்ளைக்கு?

எங்கள் மஹல்லா ஹஜ்ரத்துக்கு, அதாவது எங்கள் பகுதிப் பள்ளிவாசல் இமாமுக்கு, போன் செய்தேன். ரமலானில் அவருக்கு உட்கார நேரமிருக்காது, ஆனாலும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "பருவம் அடையாத பிள்ளைம்மா. அவன் மேல நோன்பு கடமையே இல்ல. தாங்கலேன்னா தண்ணி குடுத்துடுங்க, பின்னால திரும்ப வைக்கிற களாகூடக் கிடையாது. வற்புறுத்தி வைக்கவும் வேணாம், வற்புறுத்தி முறிக்கவும் வேணாம். அவங்கிட்டக் குடுங்க போனை." அவனிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. "சரி ஹஜ்ரத், சரி ஹஜ்ரத்" என்று நாலைந்து தரம் சொன்னான். போனைக் கொடுத்துவிட்டு, "மயக்கம் வந்தா நானே சொல்றேம்மா" என்றான். ஹஜ்ரத், அந்த ஐந்து நிமிடத்துக்கு ஜஸாக்கல்லாஹு கைரா, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எதிர் சீட்டில் இருந்த வயதான தம்பதியரும், நர்ஸிங் படிக்கும் நான்கு பெண்களும். அந்தப் பெண்களில் ஒருத்தி கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து அவன் பிடரியில் போட்டாள். இன்னொருத்தி நாடி பிடித்துப் பார்த்து, "பயப்படாதீங்கக்கா, நல்லாத்தான் இருக்கான். ஓடாம பேசாம படுத்திருக்கட்டும்" என்றாள். மூன்று பேர் எழுந்து நின்றுகொண்டு சீட்டு முழுவதையும் அவனுக்குக் கொடுத்தார்கள். விருத்தாசலம் போகும்வரை அசந்து தூங்கினான். மாலை அஸர் தொழுகைக்காக நான் கை, முகம், கால் கழுவி உளூ செய்யப் போனபோது கூட வந்து, ஆடும் ரயிலில் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தவளும் அவர்களில் ஒருத்திதான். பயணி என்பதால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று தேடியபோது எதிரில் இருந்த ஐயா சொன்னார்: "இந்த மாசம் சூரியன் நேர் மேற்கே இறங்கும். அதைப் பார்த்து நின்னு, கொஞ்சம் வலப்பக்கம் திரும்பிக்கோம்மா, சரியா இருக்கும்." பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம்.

அரியலூரில் அந்தப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். கைக்குட்டை இன்னும் அவன் பிடரியில்தான் இருந்தது.

பக்கத்து வரிசையில் ஒரு இளைஞர் மடியில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு எழும்பூரிலிருந்தே பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. "சாப்பிடுங்க தம்பி, எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "பையன் பாக்குறான்க்கா, பரவால்ல" என்றார். நபித்தோழர்கள் பயணம் போகும்போது நோன்பு வைத்தவர் வைக்காதவரைக் குறை சொன்னதில்லை, வைக்காதவர் வைத்தவரைக் குறை சொன்னதில்லை என்று ஹதீஸ் இருக்கிறது. எங்கள் நோன்புக்காக இன்னொருவர் பசியோடு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. எவ்வளவு சொல்லியும் அவர் பிரிக்கவில்லை. தம்பி, நீங்கள் அன்று இருந்ததும் ஒரு நோன்புதான். அப்படித்தான் என் மகன் சொல்கிறான்.

இனி அந்தப் பாலம்.

லால்குடி தாண்டி, இருபுறமும் வாழைத் தோப்பாக ஓடிக்கொண்டிருந்தபோது என் போனில் நோன்பு திறக்கும் நேரத்து மக்ரிப் பாங்கு ஒலித்தது. மணி 6.22. மகன் துள்ளி எழுந்தான், பாட்டில் மூடியைத் திருகினான். வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"அம்மா, சூரியன் இன்னும் இருக்கே."

இருந்தது. வாழைத் தோப்புக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்கு, செக்கச் செவேலென்று. நான் போனையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தேன். அது சென்னைக்காகப் போட்ட நேரம், மாற்றவில்லை. ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பையன் சரியாப் பாத்திருக்கான். பூமி ஒரு டிகிரி சுத்த நாலு நிமிஷம். சென்னைக்கும் திருச்சிக்கும் ஒன்றரை டிகிரி இடைவெளி. அப்போ இங்க ஆறு நிமிஷம் கழிச்சுத்தான் அஸ்தமனம்" என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பதின்மூன்று மணி நேரம் தண்ணீர் படாத பிள்ளை, வாய்க்குப் போன பாட்டிலை இறக்கி மூடியைத் திரும்பத் திருகி மூடினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஐயா எழுந்து தன் ஜன்னலோர இடத்தை அவனுக்குக் கொடுத்தார். ரயில் வேகம் குறைந்து கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. தோப்பும் மரமும் விலகி, மேற்கே வெறும் ஆறு. மார்ச் மாதத்தில் அது பெரும்பாலும் மணல்தான், நடுவில் ஒரு கீற்றுத் தண்ணீர். அந்தக் கீற்று முழுக்க ஆரஞ்சு நிறம். வண்டிச் சத்தம் மாறி கடகடவென்று இரும்புப் பாலம் அதிர, எங்கள் பெட்டியில் ஏழெட்டுப் பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியானது. கோடானது. "போச்சு!" என்று கத்தினார் பிரியாணித் தம்பி. ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பொறு, பொறு, இன்னும் ஒரு நிமிஷம்" என்றார். ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் நோன்புக்கு அவரளவு கவனமாக நான்கூட இருந்திருக்க மாட்டேன். 6.28க்கு அவர் தலையசைத்த பிறகுதான் மகன் பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீர் குடித்தான். பேரீச்சம்பழம் இல்லாவிட்டால் தண்ணீர் போதும், நபிவழி அதுதான்.

பாலம் முடிந்தால் ஸ்ரீரங்கம், எதிர் சீட்டுத் தம்பதியர் இறங்க வேண்டும். அந்த அம்மா பையைத் துழாவி டப்பாவை எடுத்துத் திறந்து என் மடியில் வைத்தார்கள். தயிர் சாதம், ஓரத்தில் நான்கு மாவடு. "ராத்திரிக்கு இவருக்குன்னு எடுத்துண்டு வந்தேன். வீட்டுக்குத்தான் போறோமே, அங்க சமைச்சுக்கலாம். வெறும் தண்ணியோட குழந்தையை எப்படி விடறது?" என்றார்கள். டப்பா, டப்பா என்று நான் எழுந்தேன். "அது கெடக்கு, நீ குழந்தையைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடந்துவிட்டார்கள். ஐயா மட்டும் பிளாட்பாரத்திலிருந்து ஜன்னலுக்குள் கை நீட்டி மகனின் கையைக் குலுக்கினார். நான் நன்றி என்று ஒரு சொல் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அந்தச் சொல்லைத்தான் இங்கே சொல்கிறேன்.

திருச்சி ஜங்ஷனில் அத்தாவின் பழைய சிநேகிதர் காத்திருந்தார். செய்தி கேட்டுப் பாலக்கரையிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியோடு வந்திருந்தார். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணக்க, ஆவி பறக்கும் கஞ்சி. கூடவே ஒரு பொட்டலம் வடை, ஒரு பிடி பேரீச்சம்பழம். வண்டி நிற்கும் ஐந்து நிமிடத்துக்காக, தன் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை மட்டும் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார், எழுபது வயதில். மாமு, வாளியை ஆபரேஷன் முடிந்த அன்றே கொடுத்தனுப்பிவிட்டேன், உங்கள் கடனை எதில் வைத்துக் கொடுப்பதென்று தெரியவில்லை. அந்தக் கஞ்சியைப் பெட்டியில் எல்லோரும் டீக்கடைக் கப்பில் பங்கு போட்டுக் குடித்தோம். பிரியாணிப் பொட்டலமும் அப்போதுதான் பிரிந்தது. முதல் துண்டுக் கறி என் மகனுக்கு வந்தது. மணப்பாறையில் ஏறிய முறுக்கு வியாபாரி இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, என்னவென்று விசாரித்து, ஒரு முறுக்கை அவன் கையில் வைத்து அழுத்திவிட்டுக் காசு வாங்காமல் போனார்.

அத்தாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து நடக்கிறார். கொள்ளிடப் பாலக் கதையை ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் பேரன் சொல்லச் சொல்ல, அவரும் கூடவே ஆறு நிமிஷம், ஆறு நிமிஷம் என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நோன்புப் பெருநாளும் முடிந்துவிட்டது. டப்பா என்னிடம்தான் இருக்கிறது. இந்த மடல் அந்த அம்மாவின் கண்ணிலோ, அவர்களைத் தெரிந்தவர் கண்ணிலோ பட்டால் தகவல் சொல்லுங்கள். மூடியில் வெட்டியிருக்கும் பெயரை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. அதைச் சரியாகச் சொல்பவர் யாரோ, அவர் வீட்டுக்கு நாங்கள் மூன்று தலைமுறையும் வருவோம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நெய்யில் பிடித்த பாசிப்பருப்பு உருண்டை அதில் இருக்கும். அம்மா, முட்டைகூடப் படாத தனிச் சட்டியில்தான் செய்வேன், நீங்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

மாவடு இன்னும் கிடைக்குமா என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறான் மகன்.

இப்படிக்கு,
பேகம்பூரில் பிறந்து சென்னையில் வாழும் ஒரு தாய்