வாசகர் வட்டத்துப் பெரியவர்களுக்கு: எங்கள் காதல் நாவலுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். சென்னையின் கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடமாக எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினோரு பேர் கூடுகிறோம். எல்லோரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து பேசுவோம். படிப்பது பெரும்பாலும் இப்போது எழுதப்படுகிற தமிழ்க் காதல் நாவல்கள்.

போன ஐப்பசியில் மழை விடவே இல்லை. மாடியில் பாய் விரிக்க வழியில்லை. பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் மேல்மாடிக் கூடம் ஞாயிறு சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, நானும் இன்னொரு அக்காவும் போய்க் கேட்டோம். அங்கே வாசகர் வட்டத்தைக் கவனித்துக்கொள்கிற பெரியவர் எங்களை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். என்ன நூல் என்று கேட்டுக் கையில் வாங்கிப் பார்த்தார். அட்டையில் மழையில் நனைகிற ஒரு ஆணும் பெண்ணும். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “இதையெல்லாம் வீட்டிலேயே படிச்சுக்கலாமேம்மா. இங்க கூட்டம் போடணும்னா நல்ல நூலா எடுத்துட்டு வாங்க” என்றார்.

அவர் தன்மையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொன்னதை உங்களில் பலரும் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன்.

வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம் என்றாரே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். என் அம்மா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் படித்தார். தெருமுனை வாடகை நூலகத்தில் புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து எடுத்துவருவார். ராணிமுத்து, மாலைமதி, ரமணிசந்திரன், எதுவும் விடமாட்டார். குக்கரில் மூன்றாவது விசில் வருவதற்குள் நான்கு பக்கம் முடித்துவிடுவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகம் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும். எத்தனை நூறு காதல் கதைகளைப் படித்திருப்பாரோ, ஒன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை ஒரு நாவலின் ஓரத்தில் பென்சிலால் “பாவம் இவள்” என்று எழுதியிருந்தார். அம்மாவின் கையெழுத்து எனக்குத் தெரியும். வாடகைப் புத்தகம், மறுநாளே திரும்பிப் போய்விட்டது. எந்த இடத்தில், எதற்காக அப்படி எழுதினார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அம்மா இப்போது இல்லை.

எங்கள் கூட்டம் என் மனதில் தொடங்கியது அந்த இரண்டு வார்த்தையிலிருந்துதான்.

நூலகத்துக்குக் கொண்டுபோன நாவலைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இந்த ஒரு நூலுக்காக நான் வாதாட வரவில்லை. முதலில் இணையத்தில் தொடராக வந்து, பிறகு அச்சான கதை. எங்களில் பாதிப் பேர் அதை யூடி யூடியாக, அதாவது இணையத்தில் புதிதாகப் போடுகிற ஒவ்வொரு பகுதிக்கும் (அப்டேட்), காத்திருந்து படித்தவர்கள். நாயகிக்கு 34 வயது, விவாகரத்து ஆனவள், சோழிங்கநல்லூரில் வேலை. நாயகன் அவளைவிட மூன்று வயது சின்னவன், குரோம்பேட்டையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். மொத்தம் 38 அத்தியாயம். பதினோரு பேருக்கு மூன்று பிரதி. பிரவுன் தாள் அட்டை போட்டுக் கை மாற்றிக்கொண்டோம். கண்ணில் புரை உள்ள ஒரு மாமிக்கு, எதிர் வீட்டுப் பெண் தினமும் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினாள். அவர் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாராம்.

பதினேழாம் அத்தியாயத்தில் ஒரு காட்சி. அவள் வேலை முடிந்து தாமதமாக வருகிறாள். அவன் அவளுடைய போனை வாங்கி, யார் யார் பேசினார்கள் என்று பார்க்கிறான். “உன் மேல இருக்கிற அக்கறைலதான்” என்கிறான். அவள் சிரிக்கிறாள். அதோடு அத்தியாயம் முடிகிறது.

அன்றைக்கு இந்த ஒரு காட்சியைத் தாண்டி நாங்கள் நகரவே இல்லை. கல்லூரியில் படிக்கிற பெண், “அந்த இடத்துல நான் புக்கை மூடி வச்சிட்டேன்” என்றாள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா, “எனக்கு அது தப்பாவே படலையே. கேக்கறதுக்கு ஒருத்தன் இருக்கான்னு இருந்தது” என்றார். மனைவியோடு வருகிற, எங்கள் கூட்டத்தின் ஒரே ஆண், “நான் பார்த்திருக்கேன். அது அக்கறை இல்ல, சந்தேகம்தான்” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. பழைய நாவல்களில் நாயகன் அறைந்தால்கூட அதைக் காதல் என்று படித்தோமே என்று யாரோ எடுத்துக்கொடுக்க, பேச்சு அந்தப் பக்கம் போனது. எத்தனை அறைகள்! அத்தனையையும் மன்னித்துத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்.

அப்போது, தையல் வேலை செய்கிற ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், சொன்னார்: “அவ சந்தோஷத்துல சிரிக்கல. பயத்துலதான் சிரிச்சிருக்கா. பயந்தா எப்படிச் சிரிப்போம்னு எழுதின அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு.”

சிரிப்போம் என்றார். சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்த மாமி மட்டும் கொஞ்சம் நகர்ந்து, முழங்கால் முட்டுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். மறுபடி அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னோம். இந்த முறை அது வேறு காட்சியாக இருந்தது.

ஐயா, எட்டுத்தொகை நூல்கள் எட்டில் ஐந்து முழுக்க அகப்பாட்டு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகத்திணையில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் வகுத்ததையும் நீங்கள் மேடையில் விளக்கியிருப்பீர்கள். பள்ளியில் அதை இலக்கண விதியாக மனப்பாடம் செய்தேன். அதன் பயன் என்ன என்பது மாடியில் பாய் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பெயர் இல்லாததால்தான் அவள் யாராகவும் இருக்க முடிகிறது. தையல்காரப் பெண்மணி தன் கதையைச் சொல்லவில்லை, “அவ” என்றுதான் சொன்னார். “அவ” என்ற ஒரு சொல் கிடைத்ததால் பத்துப் பேர் முன்னால் அவரால் வாய் திறக்க முடிந்தது. வீட்டில் தனியாகப் படித்திருந்தால் அந்தச் சிரிப்பு அவரோடு போயிருக்கும். அம்மாவின் “பாவம் இவள்” போன மாதிரி.

இனி, “நல்ல நூல்” என்றாரே, அந்த விஷயம். இந்த நாவல்களில் நிறைய, சுமாருக்கும் கீழே என்பது எங்களுக்கும் தெரியும். பணக்கார நாயகன், கட்டாயக் கல்யாணம், ஒரு தப்பெண்ணம், கடைசியில் ஆஸ்பத்திரி. முப்பது பக்கத்தில் சொல்ல வேண்டியதை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கிறார்கள். ஆன்டி ஹீரோ என்ற பெயரில் கொடுமைக்காரனைக் கொண்டாடுகிற கதைகளும் உண்டு. அவற்றைப் படித்துவிட்டு நாங்கள் கோபப்பட்டிருக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இவற்றை எழுதுகிறவர்களில் எத்தனையோ பேர் குடும்பம், வேலை எல்லாம் முடித்து ராத்திரி போனில் தட்டச்சு செய்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற விமர்சனமெல்லாம் “சூப்பர் சிஸ், அடுத்த யூடி எப்போ” என்பதுதான். இருபதாம் அத்தியாயம் தொய்கிறது, அந்த அம்மா பாத்திரம் ஏன் பாதியில் காணாமல் போனாள் என்று உட்கார வைத்துச் சொல்ல அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பயிற்சி உங்களிடம் இருக்கிறது. முப்பது நாற்பது வருடம் நாவல்களைக் கூட்டத்தில் வைத்து அலசியவர்கள் நீங்கள். இந்தக் கதைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அந்த அனுபவம் யாருக்குத்தான் போய்ச் சேரும்?

டாக்டர் லக்ஷ்மியையும் ஒரு காலத்தில் பெண்கள் படிக்கிற குடும்பக் கதை எழுதுகிறவர் என்றுதான் ஒதுக்கினார்கள். 1984-இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது. விருது வராவிட்டாலும் அவரைப் படித்தவர்களுக்கு அவர் அவரேதான், அது வேறு விஷயம்.

எஸ். ஆர். ரங்கநாதன் இந்த ஊரில்தான், மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவர் சொன்ன ஐந்து விதிகளை நூலகர்கள் பாடமாகவே படிக்கிறார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டு. அப்புறம், 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி, எங்கள் சொத்து வரியோடு சேர்ந்து நூலக வரியும் போகிறது, ரூபாய்க்கு 10 பைசா. காதல் நாவல் படிக்கிறவர்களும் அதைக் கட்டுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வாடகைக்குள் வைத்துக் கட்டுகிறார்கள். இதை உரிமைச் சண்டையாகச் சொல்லவில்லை. நூலகம் எங்களுடையதும்தான் என்ற நினைப்போடுதான் அன்றைக்குப் படியேறினோம் என்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வேண்டியது அதிகமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, நான்கு மணி முதல் ஆறு மணி வரை, மழைக்காலத்தில் மட்டுமாவது, சும்மா கிடக்கிற கூடம். நாற்காலி பற்றாவிட்டால் பாய் நாங்களே கொண்டுவருகிறோம். டீயும் பிளாஸ்கில் வந்துவிடும், கூடத்தைப் பெருக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். உங்கள் வட்டத்தின் மாதக் கூட்டத்துக்கும் வருடத்தில் ஒரு முறையாவது இன்றைய காதல் நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுதியவர் சென்னையில் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள். அன்றைக்கு அறிவிப்புப் பலகையில் அதன் பெயரையும் மற்ற நூல்களின் பெயரை எழுதுகிற அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். பாராட்ட வேண்டும் என்றில்லை. கிழித்துத் தொங்கவிட்டாலும் சரி, முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

முக்கியமாக, உங்களில் ஒருவராவது எங்கள் கூட்டத்துக்கு ஒரு நாள் வந்து உட்கார வேண்டும். அடுத்த மாதத்துக்கு எடுத்திருக்கிற நாவலில் 62 வயது அம்மாளும் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற, மனைவியை இழந்த வாத்தியாரும் வருகிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளலாமா, பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்பதுதான் கதை. பாதி படிப்பதற்குள்ளேயே எங்களுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பூண்டு உரிக்கிற மாமி கல்யாணம் வேண்டாம் என்கிற பக்கம், மிகத் தீவிரமாக. அன்றைக்கு நூலகத்தில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த பெரியவர் வந்து தன் கருத்தைச் சொன்னால் எங்களுக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும். அவருக்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம், அட்டையும் போட்டாயிற்று.

பதிலைக் கடிதமாக எழுத நேரமில்லை என்றால் நூலக வாசல் பலகையில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் காய்கறி வாங்க அந்த வழியாகத்தான் போகிறோம், பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
மேற்கு மாம்பலத்து மொட்டை மாடியிலிருந்து,
பதினோரு பேருக்காக எழுதிய ஒரு வாசகி