மகளுக்கு, ஓர் இலக்கணச் சந்தேகம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். மூட்டுவலியைப் பற்றி அவளே தனியாக எழுதுவாள். இரவில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு படு.

நான் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்றதும் சிரித்தாயே, இப்போது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவை. 'இரு' என்ற ஒரு வினைக்கு இவர்களுக்கு எதற்கு இரண்டு சொல்? நிலையானதற்குச் செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்கிறது புத்தகம். இரண்டு பக்கம் தள்ளினால், 'இறந்திருக்கிறார்' என்பதற்கு 'எஸ்தா முவெர்தோ' என்று அதே புத்தகம் சொல்கிறது. சாவைவிட நிலையானது எது? மெல்லத்தான் விளங்கியது. ஒன்று நடந்து முடிந்தபின் ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்றாலும் எஸ்தார், எங்கே இருக்கிறார் என்றாலும் எஸ்தார்.

சில இடங்களில் நமக்கு யோகம். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களை 'மே குஸ்தா' பாடாய்ப் படுத்துகிறது. நமக்கு அது 'எனக்குப் பிடிக்கிறது', அவ்வளவுதான். ஆளைப் பார்த்தேன் என்றால் ஆளுக்கு முன்னால் ஓர் 'ஆ' வேண்டும், வீட்டுக்கு வேண்டாம் என்கிறார்கள். நாமும் 'வீடு பார்த்தேன்' என்போம்; 'மகள் பார்த்தேன்' என்போமா? நம் 'ஐ' தானே அது! இதை நானே கண்டுபிடித்தேன்.

போன ஞாயிறு நீ குளிக்கப் போயிருந்தபோது குழந்தை போனை எடுத்தாள். என்னை 'நீ' என்றுதான் சொல்கிறாள், 'நீங்கள்' என்கிற உஸ்தெத் எல்லாம் கிடையாது. கோபமில்லை. அப்பா எங்கே என்று கேட்டேன், நானே கட்டிய வாக்கியம். 'பப்பா நோ எஸ்தா' என்றாள். போன மாதமும் அதையே சொன்னாள். வெளியே போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். இந்த முறை இன்னொன்றும் சொன்னாள்: 'பப்பா பிபீயா அக்கீ.' இங்கே வசிக்கிறார் என்றால் 'பிபே அக்கீ'. அவள் சொன்னது 'பிபே' இல்லை, 'பிபீயா'. அன்று இரவு வினைத்திரிபு அட்டவணையை நான்கு முறை பார்த்தேன். முன்பு வழக்கமாக இருந்ததைச் சொல்லும் காலம் அது. எப்போது முடிந்தது என்று சொல்லாது. நாலு வயதுக் குழந்தை, காலம் தவறியிருக்கலாம். என் காதும் முன்போல இல்லை.

1754-ல் ஸ்பெயினின் மொழி அகாதெமி, நீண்ட கேள்விகளுக்கு முன்னாலேயே ஒரு கேள்விக்குறியைத் தலைகீழாகப் போடச் சொன்னது. படிக்கிறவர் முதலிலேயே தயாராகிவிடலாம். எனக்கும் அப்படி ஒரு குறி இருந்தால் தேவலை. கதவைத் தாழ்போட்டுக்கொள்.

டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி2 வாங்கியவளுக்கு அப்பாவுக்குத் தமிழில் இரண்டு வரி எழுத மூன்று மாதமா? நீ தேறியதைத் தெருவெல்லாம் சொன்னேன், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. அத்தைக்குத் தெரியும்.

நேற்று 'ஃபூய்' படித்தேன். 'போனேன்' என்பதற்கும் 'இருந்தேன்' என்பதற்கும் ஒரே சொல். நோ ஃபூய். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்றது பொய். விண்ணப்பிக்கவே இல்லை. அந்தப் படிவம் புகைப்படம்கூட ஒட்டாமல் பீரோவின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. அம்மாவையும் போகவிடவில்லை. அன்றைக்கு உனக்கு அப்பாவாக இருந்தேனா என்று கேட்டாலும் அதே நோ ஃபூய்தான்.

'நீ வர வேண்டும்' என்பதற்கு 'பியெனெஸ்' தவறு, 'பெங்காஸ்' சரி, இல்லையா? நடப்பதற்கு ஒரு வடிவம், ஆசைப்படுவதற்கு வேறு வடிவம். கியேரோ கே பெங்காஸ். குழந்தையையும் கூட்டிக்கொண்டு. உனக்கு முடியாது என்றால், என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன், அம்மாவுடையதையும்.

அந்த வாக்கியத்தில் பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. வேறு எதையும் விளக்க வேண்டாம், திருத்தம் மட்டும் போதும்.

அப்பா