எட்டாவதாக வந்தவனின் பெயரையும் போடுங்கள்

கோலாலம்பூர் தமிழ் நாளிதழ்களிலும் வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளிலும் விளையாட்டுப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் அன்பர்களுக்கு,

வணக்கம். செந்தூலில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் புரட்டட்டும் என்று மேசையில் எப்போதும் ஒரு தமிழ்ப் பேப்பர் கிடக்கும். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வாசிக்கிற ஆள் நான். அதனால் உங்கள் எழுத்து எனக்கு நல்ல பழக்கம்.

2024 நவம்பர் 10ஆம் தேதி பிரிட்டன் சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷ் சிங்கப்பூரில் தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டினார். அதையும் ஜெயித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 35 கட்டங்களை, அதாவது 35 நாள் ஓட்டங்களை, வென்ற மனிதர். எடி மெர்க்ஸ் பெயரில் பல காலமாக இருந்த 34 என்ற சாதனையை அதே ஆண்டு ஜூலையில்தான் தாண்டியிருந்தார். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம் இது. மறுநாள் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு காற்பந்து வீரருக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்ட செய்தி இருந்தது, படத்தோடு.

சரி, அது போகட்டும். அதற்காக இந்த மடலை எழுதவில்லை. கோபம் என்றால் அன்றைக்கே எழுதியிருப்பேன். எழுத வைத்தது ஒரு பையனின் அப்பா.

பையனுக்குப் பதினாறு வயது. தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது நான்காம் படிவத்தில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளையோர் பந்தயம். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரில் இவன் தன் அணிக் கூட்டாளியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் இடது ஓரமாக முன்னேறினான். எதிர்க்காற்று முழுவதையும் இவனே வாங்கிக்கொண்டான். முடிவுக் கோட்டுக்கு 250 மீட்டர் இருக்கும்போது ஒதுங்கி வழிவிட்டான். கூட்டாளி முதலாவதாக வந்தான். இவன் எட்டாவது. மூன்று நாள் கழித்து மூன்று வரிச் செய்தி வந்தது. முதல் மூன்று பேரின் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா கடைக்கு வந்தார். லாரி ஓட்டுபவர். "ஏண்ணே, எட்டாவதா வர்றதுக்கா இவன் காலையில அஞ்சு மணிக்கு எழும்புறான்?" என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இவன் வேணும்னே தோத்தானா?" என்றார். பையன் ஒரு சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

அந்த மனிதர் மேல் தப்பே இல்லை. இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

கடைசிப் பாய்ச்சலில் ஜெயிக்கிற ஸ்பிரிண்டர் என்பவரை வேகமாக ஓட்டுகிறவர் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் சரி. நூற்று எழுபது, நூற்று எண்பது கிலோமீட்டர் பந்தயத்தில் அவர் முகத்தில் காற்றுப் படுவது கடைசி இருநூறு மீட்டரில்தான். மணிக்கு 65 கிலோமீட்டரில் அது பதினோரு விநாடி வேலை. அந்தப் பதினோரு விநாடியில் அவர் கால்கள் ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐநூறு வாட் தள்ளும். வீட்டில் இஸ்திரிப்பெட்டி இழுக்கிற கரண்டு அது. மனித உடம்பால் அவ்வளவை வெகு நேரம் தரமுடியாது. ஆகவே அதுவரை அவரைப் பொத்திப் பொத்திக் கொண்டுவர வேண்டும். முன்னால் ஒருவன் போனால் பின்னால் வருகிறவனுக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதற்காகவே ஓர் அணியில் நாலைந்து பேர் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நின்று, ஒருவர் களைத்து விலக அடுத்தவர் இழுத்து, கடைசிப் பெட்டியில் இருக்கும் ஸ்பிரிண்டரைக் கோட்டுக்குப் பக்கத்தில் விட்டுவிடுவார்கள். இறுதியாக விலகுகிறவரின் வேலைதான் மிகவும் கஷ்டம். முன்னூறு மீட்டரில் விலகினால் சீக்கிரம். நூற்று ஐம்பதில் விலகினால் தாமதம்.

2009 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், பாரிஸ். கேவண்டிஷை இழுத்துவிட்ட மார்க் ரென்ஷா அவருக்குப் பின்னாலேயே கோட்டைத் தாண்டி இரண்டாவதாக வந்தார். உலகத்தின் பெரிய ஸ்பிரிண்டர்கள் எல்லோரும் அவருக்கும் பின்னால்தான். சமையற்காரர் பரிமாறிவிட்டுப் பந்தியிலும் முதல் வரிசையில் உட்கார்ந்த கதை அது. பெரும்பாலும் அப்படி நடக்காது. இழுத்துவிட்டவர் நாற்பதாவதாக, அறுபதாவதாக உருண்டு வருவார்.

நம் நாட்டின் பல நாள் சைக்கிள் பந்தயமான லங்காவி பந்தயம் கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்காவில் முடிகிற ஆண்டுகளில், கடையைப் பூட்டிவிட்டு நான் மேடைப் பக்கம் போகாமல் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்பேன். ஒருமுறை பார்த்தேன். கூட்டம் ஒரே இரைச்சலாகக் கடந்து போனது. தடுப்புப் பலகைகள் அதிர்ந்தன, காற்றில் என் தொப்பி பறந்தது. எல்லோரும் கோட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, என் முன்னால் மெதுவாக உருண்டு போனார். ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். அவர் அணிக்காரரின் பெயர். யாரும் பார்க்காத அந்த இடத்தில் அவர் கைப்பிடியை ஒரு குத்துக் குத்தினார். ஒரு படக்காரர்கூட அங்கே இல்லை.

இதற்கெல்லாம் தமிழில் சொல் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். என் கடையில் இருக்கிறது. பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்டவை. முன்னால் போகிறவனை ஒட்டி ஓட்டுவது 'சக்கரம் பிடிக்கிறது'. ஸ்பிரிண்டரைக் கொண்டுபோய் விடுவது 'இழுத்துவிடுறது'. கூட்டத்தை விட்டு முன்னால் ஓடுவது 'பிச்சிக்கிட்டுப் போறது'. தாக்குப்பிடிக்க முடியாமல் பின்தங்குவது 'கழன்றுட்டான்'. மலையில் ஸ்பிரிண்டர்கள் சேர்ந்து கடைசியாக வரும் கும்பலை ஐரோப்பாவில் 'ஆட்டோபஸ்' என்பார்கள். எங்களுக்கு அது 'கடைசி பஸ்'. நீங்கள் மிதிவண்டி என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை, யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதைத் தவிர. இந்தச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். காசு வேண்டாம்.

அப்புறம், கட்டத்தை வென்றவர் வேறு, பந்தயத்தை வென்றவர் வேறு. ஒரு வருடம் ஒரு பேப்பர் ஒரு நாள் கட்டத்தை வென்றவரையே 'லங்காவி சாம்பியன்' ஆக்கிவிட்டது. பந்தயம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது! பல நாள் பந்தயத்தில் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவர்தான் சாம்பியன். ஸ்பிரிண்டருக்கு அந்தக் கணக்கே கிடையாது. இத்தாலிக்காரர் ஆந்திரேயா குவார்டினி லங்காவியில் மட்டும் 24 கட்டங்களை வென்றிருக்கிறார், இதுவரை யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. ஆனால் சாம்பியன் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. நடுவில் கெந்திங் மலை இருக்கிறதே, அங்கே ஸ்பிரிண்டர்கள் நேரத்தை இழந்துவிடுவார்கள்! அதே குவார்டினி தன் நாட்டின் ஜீரோ டி இத்தாலியாவில் வென்றது ஒரே ஒரு கட்டம், 2012இல், அதுவும் கேவண்டிஷைத் தோற்கடித்து.

கெந்திங் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மலை நாளில் நீங்கள் உச்சியில் முதலில் வந்தவரைப் பற்றி எழுதுவீர்கள். நியாயம்தான். ஆனால் கோதோங் ஜெயாவுக்குக் கீழே எங்கோ கடைசி பஸ்ஸில் இன்னொரு பந்தயம் நடந்துகொண்டிருக்கும். முதலில் வந்தவரின் நேரத்தோடு இத்தனை சதவீதம் என்று ஒரு கெடு உண்டு, அதற்குள் வராதவருக்கு மறுநாள் ஓட்டம் இல்லை. தசைகட்டிய கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு அது பெரும்பாடு. நானும் ஒரு காலத்தில் அந்த மலையில் ஏறியிருக்கிறேன். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதை இங்கே எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

2018 ஜூலையில் ஆல்ப்ஸ் மலைக் கட்டம் ஒன்றில் கேவண்டிஷும் ஜெர்மனியின் மார்செல் கிட்டலும் ஒரே நாளில் கெடுவைத் தவறவிட்டு டூரிலிருந்து வெளியேறினார்கள். கிட்டல் அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரே டூரில் ஐந்து கட்டங்களை வென்றிருந்தார். 2019இல், 31 வயதில், போதும் என்று விலகிவிட்டார். கேவண்டிஷ் நோயோடும் மனச்சோர்வோடும் மல்லுக்கட்டிவிட்டு 2021இல் திரும்பி வந்து நாலு கட்டங்களை வென்றார். 2024 டூரின் முதல் நாள் வெயில் தாங்காமல் வாந்தி எடுத்தபடி ஓட்டினார். அணிக்காரர்கள் கூடவே இருந்து கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் 35ஆவது வெற்றி. செய்தி என்று வந்த இடங்களில் எல்லாம் ஐந்தாம் நாள்தான் வந்தது. என்னைக் கேட்டால் முதல் நாள்தான் செய்தி.

விபத்து என்றால் மட்டும் நீங்கள் உடனே படம் போடுகிறீர்கள். 2020 ஆகஸ்டில் போலந்தின் கத்தோவித்சேயில், இறக்கத்தில் வைத்த முடிவுக் கோட்டில், நெதர்லாந்து ஸ்பிரிண்டர் டிலன் குரூனவேகன் பாதை மாறி வந்ததில் அதே நாட்டு ஸ்பிரிண்டர் ஃபாபியோ யாகப்சன் தடுப்புகளில் போய் விழுந்தார். கோமா, முகமெல்லாம் தையல், பற்கள் போயின. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அந்தக் காணொளியை நம் ஆட்களும் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள், என் கடைக் குழுவிலேயே மூன்று முறை வந்தது. யாகப்சன் மறு ஆண்டே ஸ்பெயின் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்றார். 2022 டூரில், டென்மார்க்கில், இரண்டாம் நாள் யாகப்சன் ஜெயித்தார், மூன்றாம் நாள் குரூனவேகன் ஜெயித்தார். இந்தப் பிற்பாதி ஒருமுறைகூடக் குழுவுக்கு வரவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். லங்காவி பந்தயம் தொடங்கியது 1996. மலேசியர் ஒருவர் முதன்முதலில் கட்டம் வென்றது 2010இல்தான். அனுவார் மனான், ஸ்பிரிண்டர். அப்போது அவர் போட்டிருந்தது ஒரு கொரிய அணியின் சட்டை. நம் ஊர்ப் பந்தயத்தில் ஜெயிக்க நம் ஆள் கொரியாவுக்குப் போய் வேலை தேட வேண்டியிருந்தது என்பதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். இந்தத் தொழிலின் நிலை அப்படி. உலகின் முதல் நிலை அணிகளில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று உண்டு. நம் அணிகள் இருக்கும் மூன்றாம் நிலையில் அப்படி உலகப் பொது விதி கிடையாது. கால் வலுவாக இருப்பது பத்துப் பன்னிரண்டு வருடம். அதற்குள் விழுந்து எழுந்து, அணி மாறி, நாடு மாறிச் சம்பாதிக்க வேண்டும். அந்த லாரிக்கார அப்பா என்னிடம் அடுத்ததாகக் கேட்டதும் இதைத்தான்: "இதுல சோறு இருக்கா அண்ணே?" இருக்கிறது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு சைக்கிள் வீரரின் சம்பளம், ஒப்பந்தம், ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார் என்று எப்போதாவது வந்திருந்தால், அதை எடுத்து நீட்டியிருப்பேன்.

எம். குமரேசன் மலேசியக் கொடியோடு ஒலிம்பிக் வரை சைக்கிள் ஓட்டியவர். என் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பக்கம் கூட்ட வேண்டாம். அந்த மூன்று வரிச் செய்தியோடு நாலாவதாக ஒரு வரி சேருங்கள், வென்றவரை இழுத்துவிட்டவர் யார் என்று. முடிவுத் தாளில் அது இருக்காது. வென்றவருக்கு ஒரு போன் போட்டால் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுவார். ஜெயித்த ஸ்பிரிண்டர்கள் பேசத் தொடங்கினால் முதலில் அணிக்காரர்களின் பெயரைத்தான் சொல்வார்கள்.

அடுத்த முறை பந்தயம் கோலாலம்பூருக்கு வரும்போது உங்களில் ஒருவர் மேடைப் பக்கம் நிற்காமல் 250 மீட்டர் பலகைப் பக்கம் வாருங்கள். நான் காலையிலேயே போய் இடம் பிடித்து வைத்திருப்பேன். பையன் வருவான். அவன் அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். லாரி ஓட்டம் இல்லாவிட்டால் வருகிறேன் என்றார்.

இப்படிக்கு,
செந்தூல் சைக்கிள் கடைக்காரன்