பத்து மீட்டருக்குக் குறைந்த கரைகளுக்கும் காவல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத் தங்கள் நாளிதழில் நாள்தோறும் படித்து வருகிறேன். அந்தப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு குளத்தின் கரைக்குக் கீழேதான் என் வீடும் வயலும் இருக்கின்றன. அந்தக் கரையையும், அதைப்போல யாருடைய கணக்கிலும் சேராமல் நிற்கும் சிறு பாசன நீர்த்தேக்கங்களின் கரைகளையும் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நாங்கள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. எங்கள் வறண்ட மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரப் பகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பெயர் வெளியே தெரியாத சிறு குளங்கள் பல உடைந்தன. இத்தகைய மழையை எந்தக் கரையும் தாங்காது என்று அப்போது பலரும் கூறினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த இரவில் எங்கள் குளம் தப்பியது, பக்கத்து ஊர்க் குளம் உடைந்தது. இரண்டின் மேலும் பெய்தது ஒரே மழைதான். முதல் நாள் மாலையில் எங்கள் ஊர் இளைஞர்கள், குளம் நிறைந்தபின் மிகுதி நீர் வெளியேறும் வழியான மறுகாலில் இறங்கி, அங்கே திரண்டு கிடந்த ஆகாயத்தாமரையையும் மீன்பாசிக் குத்தகைக்காகக் கட்டியிருந்த வலையையும் அறுத்து எறிந்திருந்தார்கள். பக்கத்து ஊரில் அதைச் செய்ய இருட்டுவதற்குள் ஆள் சேரவில்லை.

மண்கரையின் இயல்பு தெரியாதவர்களுக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். கல்லால் கட்டிய அணையின் மேலே வெள்ளம் வழிந்தோடலாம். மண்கரையின் மேலே ஒரு சாண் உயரத்துக்கு நீர் வழிந்தாலும், அது வெளிச்சரிவின் அடியிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டே மேலேறி, சில மணி நேரத்தில் கரையைப் பிளந்துவிடும். ஆகவே நிறைமட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையில் முன்னோர் விட்டுவைத்த இடைவெளி வீணான இடம் அன்று. மாட்டு வண்டித் தடத்தாலும் டிராக்டர் தடத்தாலும் கரை ஓரிடத்தில் இரண்டடி தாழ்ந்துவிட்டால், மற்ற இடமெல்லாம் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. அதேபோல, இன்னும் ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்குத் தண்ணீர் கிடைக்குமே என்ற ஆசையில் மறுகாலின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி நிறைமட்டத்தை உயர்த்துவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகவே இருந்து வருகிறது. நானும் அந்த மூட்டைகளைச் சுமந்தவன் என்பதால், அது எவ்வளவு பெரிய தவறு என்பதை விவசாயிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கரை மேலே வழியாமலே உடைவதும் உண்டு. அது இன்னும் கொடியது, ஏனெனில் மழையில்லாத நாளிலும் நேரலாம். கருவேல மரம் பட்டுப்போனபின் அதன் வேர் மக்கிக் கரைக்குள் குழாய்போல வழி விடுகிறது. எலியும் நண்டும் வளை தோண்டுகின்றன. எல்லாவற்றிலும் ஆபத்தான இடம் மடை. கரைக்குக் குறுக்கே போகும் பழைய மடைக்குழாயின் சுவரும் மண்ணும் சேரும் இடத்தில் நீர் தனக்கென ஒரு பாதையை மெல்லத் தேடிக்கொள்கிறது. கரையின் வெளிப்புறத்தில் கசிவு தெரிந்தால் அதன் நிறத்தைப் பார் என்று குளத்தையும் மடையையும் காத்த, என் தகப்பனார் காலத்து நீர்ப்பாய்ச்சிகள் சொல்வார்கள். தெளிந்த நீர் கசிந்தால் குறித்துவைத்துக் கவனிக்கலாம். கலங்கல் வந்தால் கரை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஊற்றைக் களிமண்ணால் அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடும். மணலும் ஜல்லியும் பரப்பி, சுற்றிலும் மூட்டை அடுக்கி, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் வெளியேற விட வேண்டும். இந்த அறிவை உடையவர்கள் இன்று எங்கள் ஊரில் இருவரோ மூவரோதான் இருக்கிறார்கள். அவர்களும் எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிர மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்தில் திவாரே என்னும் சிறு பாசன அணை உடைந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் அடித்துச் செல்லப்பட்டனர். அணை கசிவதைப் பற்றி அவ்வூர் மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். நண்டுகள் துளைத்ததே காரணம் என்று அம்மாநில அமைச்சர் ஒருவர் கூறியது நாடெங்கும் பேசப்பட்டது. நண்டு வளை கரையைப் பலவீனப்படுத்தும் என்பதை மடை காத்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் வளைகள் ஒரே இரவில் தோன்றிவிடுவதில்லை. அவற்றைப் பார்த்து, கெட்டித்து மூட, ஆண்டு முழுவதும் ஓர் ஆள் கரையில் நடந்திருக்க வேண்டும்.

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தபின், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து நாம் பெற்றது 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம். பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு, தனிப் பாதுகாப்புப் பிரிவு, அவசரகாலச் செயல்திட்டம் என்று அது வேண்டுவன எல்லாம் சரியானவையே. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு முதலிய சில நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்றை நிறைவு செய்பவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் கரை பத்து மீட்டர் உயரத்தை எட்டாது. நாற்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம் உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. பின்னவற்றுக்கு நீர்ப்பாசனம் படித்த பொறியாளர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிது. உயரத்தை மட்டும் அளந்து ஆபத்தை மதிப்பிடுவது போதாது. கரைக்குக் கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன, மேலே எத்தனை குளங்கள் இருக்கின்றன என்பதும் கணக்கில் வர வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால், தென்கால் என்னும் வாய்க்கால்களில் எங்கள் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன. மேற்குளம் உடைந்தால், அந்த நீர் முழுவதும் கீழ்க்குளத்தின் மீது ஒரே நேரத்தில் வந்து விழும். அப்போது கீழ்க்குளத்தார் தங்கள் மறுகாலை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் போதாது.

தூர்வாரும் பணிகளுக்கு அரசு செலவிடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊர் மக்களின் பங்களிப்போடு நீர்நிலைகளைச் செப்பனிடும் குடிமராமத்து 2017இல் புதுப்பிக்கப்பட்டது. வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. ஆனால் எந்த மண் எங்கே எடுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பவர் இல்லாததால், சில குளங்களில் கரையின் உள்ளடியை ஒட்டியே பொக்லைன் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போகிறது. வண்டி கரைக்கு அருகில் நிற்பது வசதி என்பதே அதற்குக் காரணம். கரைக்குத் தாங்கலாக இருந்த மண் அப்படிப் போய்விடுகிறது. நீர் கூடுதலாகத் தேங்குகிறது என்று நாமும் மகிழ்கிறோம்.

முன்பு ஆயக்கட்டுக்காரர்கள் அறுவடைக் களத்தில் நெல் அளந்து நீர்ப்பாய்ச்சியை வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அவர் இரவிலும் கையில் விளக்கோடு கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார். அந்த ஏற்பாடு நின்றுபோனது. அவருக்குப் பதிலாக வேறு யாரும் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதங்களுக்காவது குளத்துக்கு ஒரு கரைக்காவலரை, உள்ளூர்க்காரராகப் பார்த்து, நியாயமான ஊதியத்துடன் அரசு நியமிக்க வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். அவரிடம் ஒரு குறிப்பேடும் அலைபேசியும் இருந்தால் போதும். நீர்மட்டம், கசிவின் நிறம், மறுகாலின் நிலை ஆகியவற்றை நாள்தோறும் அவர் எழுதினால், அந்த ஏட்டைப் பார்த்தே பொறியாளர் எங்கு முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்யலாம். அத்துடன், ஒவ்வொரு குளத்துக்கும் உரிய அதிகாரி யார், உடைப்பு ஏற்பட்டால் எந்தெந்தத் தெருக்கள் மூழ்கும், மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் எங்கே இருப்பு வைக்கப்பட்டுள்ளன என்பவற்றைக் கிராம சபையில் படித்துக்காட்டி ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட நிர்வாகத்தின் ஓர் உத்தரவே போதும்.

எங்கள் குளத்தின் தெற்கு மடைக்குக் கீழே, சென்ற ஆண்டு மழையில் குளம் முக்கால்வாசி நிறைந்தபோது கசிவு தொடங்கியது. ஆறு நாள்கள் தெளிந்த நீராக வந்தது. ஏழாம் நாள் காலையில் இலேசான செம்மை கலந்திருந்தது. மடையைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கிய பின்புதான் கசிவு நின்றது. உரிய அலுவலகத்தில் நாங்கள் புகைப்படங்களுடன் மனு கொடுத்திருக்கிறோம்; கோடையில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கரை காய்ந்து நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிச் சென்றார். வற்றிய குளத்தின் கரையில் கசிவைக் காண முடியாது. குளம் மறுபடியும் முக்கால்வாசி நிறையும் அந்த வாரத்தில், அந்த மடையடியில் ஒரு பொறியாளர் வந்து நின்று பார்க்க வேண்டும். கரைக்கு நேர் கீழே அறுபது வீடுகளும் ஒரு தொடக்கப்பள்ளியும் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓர் ஆயக்கட்டு விவசாயி,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.