ஊதாதே தம்பி, துடை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டின், அதற்குள் நம் ஐந்து வீடியோ கேம் கேசட்டும். மஞ்சள் கான்ட்ரா கேசட்டின் மூலையில் நான் பேனாவால் எழுதிய உன் இனிஷியல்கூட அழியவில்லை. "ஊதி ஊதிப் பார்த்துட்டேன்க்கா, ஒண்ணும் ஓடல. பாப்பா அழுறா. தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டிருக்கிறாய்.

போடாதே. ஒன்றைக்கூடப் போடாதே.

நம்மிடம் ஆறாவதாக ஒரு மரியோ கேசட் இருந்தது, நினைவிருக்கிறதா? திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "செத்துப் போச்சு, விட்டுடுங்க" என்று சொல்லி அதை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். நீ வீடு வரும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாய். இரண்டு வருடமாகப் பழைய கேசட்டுகளை வாங்கிச் சுத்தம் செய்துவருகிறேன். நாற்பதுக்கு மேல் கையில் வந்திருக்கும், மீளாமல் போனவை மூன்றே மூன்று. அந்த மரியோ சாகவில்லை தம்பி. அதில் இருந்தது அழுக்கு. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்த வருத்தம் போகவே இல்லை.

கேசட்டைச் செருகி விளையாடும் நம் பெட்டி, 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். அதனால்தான் நம் கேசட்டுக்கு 60 பின், பக்கத்துக்கு முப்பது. அந்தப் பின்கள் செம்புப் பட்டைகள், மேலே மெல்லிய முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் செம்புக் குடத்தில் ஏறுவது போலவே களிம்பு ஏறும். கை எண்ணெயும் தூசும் அதன் மேல் படிந்தால் மின்சாரம் கடக்காது. அவ்வளவுதான் கோளாறு.

ஊதினால் ஓடியதே என்பாய். எடுத்துத் திரும்பச் செருகும்போது பின்கள் உரசி அழுக்கு கொஞ்சம் விலகும், வேலை செய்தது அதுதான். வாயிலிருந்து போன ஈரம் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் அந்த ஈரம்தான் உள்ளே தங்கிக் களிம்பை வளர்த்தது. ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. நமக்கு அதை யார் சொன்னார்கள்!

துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கேசட்டையும் ஒரு முறை போட்டு, திரையை நன்றாகப் பார். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. இந்த வகைக் கேசட்டில் பின்களில் ஏறக்குறைய ஒரு பாதி பெட்டியின் மூளைச் சிப்புக்குப் போகிறது, மறு பாதி படம் வரையும் சிப்புக்குப் போகிறது. பாட்டு சரியாகக் கேட்டு, மனுஷன் மட்டும் துண்டு துண்டாகத் தெரிந்தால், பெரும்பாலும் படப் பக்கத்துப் பின்களில்தான் அழுக்கு. மரியோவுக்கு நடந்தது இதுதான். பாட்டு கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தது! படம் சுத்தமாக வந்து சத்தம் மட்டும் இல்லையென்றால், பின்பக்கத்து வரிசையின் நடுவில் இருக்கும் 45, 46-ஆம் பின்களைப் பார். ஜப்பான் பெட்டியில் சத்தமே கேசட்டுக்குள் போய்த் திரும்பித்தான் டிவிக்கு வரும். நகல் பெட்டிகள் பலவும் அப்படித்தான்.

சரி, துடைக்கும் வேலைக்கு வருகிறேன். மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேள், ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம் உள்ளது. கொரோனா காலத்து சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். பட்ஸை அதில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, பின்களின் நீளவாக்கில் மேலும் கீழுமாகத் துடை. முதல் பட்ஸ் கறுப்பாக வரும், இரண்டாவது பழுப்பாக, சில நேரம் லேசான பச்சையாகவும் வரும். வெள்ளையாகவே வரும் வரை மாற்றிக்கொண்டே இரு. என் கணக்கில் கேசட்டுக்கு ஏழெட்டு பட்ஸ் ஆகும். பத்து நிமிடம் காயவிட்டு அப்புறம் போட்டுப் பார்.

அப்படியும் கறை போகாவிட்டால் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாக இரண்டு இழுப்பு. பேனா மை அழிக்கும் நீல ரப்பரைத் தொடவே தொடாதே, அது மணல் மாதிரி, முலாமை உரித்துவிடும். உப்புத்தாளும் அப்படித்தான். அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்வாள். குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்கு வேண்டாம், அந்தப் புளிப்பு பட்டைகளுக்கு இடையில் தங்கி அரிக்கும்.

பெட்டியின் வாயையும் மறக்காதே. அழுக்குக் கேசட்டை முப்பது வருடம் தின்ற வாய் அது. பழைய விசிட்டிங் கார்டில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, ஐபிஏ தொட்டு, நேராகச் செருகி எடு. நாலைந்து முறை போதும், ஆட்டாதே. ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார். கேசட்டை மாற்றும்போதும் அப்படியே, நாம் அவசரத்தில் ஆன் பண்ணியபடியே பிடுங்கிக்கொண்டிருந்தோமே, அது வேண்டாம்.

போட்டோவில் அந்தச் சிவப்புக் கேசட்டின் ஓரம் விரிந்திருப்பது தெரிகிறது. அதைத் திறந்து பார்க்காதே. உள்ளே சிப்பு வெளியே தெரியாது, பெரும்பாலும் அதை மூடி ஒரு கறுப்புப் பிசின் பொட்டு இருக்கும். அது போயிருந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஈயம் வைத்த ஒரு சோல்டர் இணைப்பு விட்டிருந்தால் நான் வைத்துத் தருவேன். தீபாவளிக்கு வரும்போது சோல்டரிங் அயர்னை எடுத்து வருகிறேன், அதுவரை டின்னில் இருக்கட்டும்.

கான்ட்ராவில் முதலில் ஆரம்பி. ஓடும் என்று மனசு சொல்கிறது. உனக்கு நான் எப்போதும் இரண்டாவது ரிமோட்டைத்தான் கொடுத்தேன், அதில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. "நானும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்றேன்க்கா" என்று நீ கெஞ்சியது இப்போதும் காதில் கேட்கிறது. பாப்பாவிடம் முதல் ரிமோட்டைக் கொடு. படம் வந்ததும் எனக்கு வீடியோ கால் போடு, எத்தனை மணியானாலும் சரி.

அன்புடன்,
அக்கா